மாவு மிதக்க வேண்டும்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததும் புழுக்கம். மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளைத் துப்பட்டா முழுக்கச் சாம்பல். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் எரிக்கிற நிலக்கரி திருவொற்றியூரில் வந்து உட்காருகிறது. உதறிப் பார்த்து, மறுபடி ஊறவைத்துவிட்டு ஆபீஸ்.

வீட்டு மின்சாதனங்களுக்கு மாநில அரசின் மின்சிக்கன வரையறை எழுதுகிறோம். என் பங்கு கிரைண்டர். வரைவு தயார், வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். நன்றாகவே எழுதியிருக்கிறேன், எனக்கென்ன அடக்கம். எல்லாக் கிரைண்டருக்கும் ஒரே அளவு ஊறவைத்த உளுந்து, இருபது நிமிடம் ஓட்டு, மீட்டரைப் பார். வரம்புக்கு மேல் கரண்ட் இழுக்கிற மாடலைத் தமிழ்நாட்டில் விற்க முடியாது. லேபில் சின்ன மோட்டார் மாடல்தான் முதலிடம்.

மறக்காமல்:
- ஜெராக்ஸ் 30
- லேபிலிருந்து முதலிடம் வந்த கிரைண்டர் + மீட்டர், வீட்டுக்கு
- செருப்புக்கு வார்
- மாவு, தெரசாக்காவிடம்

இரண்டு வீடு தள்ளி தெரசாக்கா. தெருவுக்கே மாவு அவருடையது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் வாங்குகிறேன், ஒரு நாள்கூட ஆட்டியதில்லை. அவருடையது பெரிய மோட்டார், பழசு. என் வரைவுப்படி தேறாத ரகம். அது போனால் அதே மாதிரி வாங்கவும் முடியாது. அதனால் என்ன, புதுசை ஓட்டிப் பார்த்தால் என்னைக் கும்பிடுவார்.

ஜூன் 10, செவ்வாய்

லீவு போட்டு தெரசாக்கா வீட்டில். கும்பிடவில்லை.

மீட்டரைச் செருகி முதலில் புதுசை ஓட்டினோம். இருபதாவது நிமிடம் ஸ்விட்சுக்குக் கை நீட்டினேன். கையிலேயே ஒன்று வைத்தார்.

"இன்னா அவசரம் உனுக்கு? நறநறன்னு கீது, தொட்டுப் பாரு."

தொட்டேன். ரவை மாதிரி. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மாவைப் போட்டார். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. மிதந்தால்தான் உளுந்து ஆனதாகக் கணக்காம்.

அந்தச் சொட்டு மிதக்க ஐம்பத்திரண்டு நிமிடம். மாவு சுடச்சுட. இட்லி எழும்பாது என்று இப்போதே சொல்லிவிட்டார். அடுத்து அவருடைய பழசில் அதே அளவு உளுந்து. இருபத்து நாலாவது நிமிடம் மிதந்தது. மீட்டரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். பழசுதான் குறைவு.

லேபில் சோதனை முடிந்ததும் மாவை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கொட்டிவிடுவோம் என்றேன்.

"தொட்டுக்கூடப் பாக்க மாட்டீங்களா?"

மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து இரண்டு டீ.

ஜூன் 11, புதன்

அக்கா இட்லி அனுப்பினார், இரண்டு தட்டில். பழசில் ஆட்டியது பூ, புது கிரைண்டர் இட்லி அப்பளம்.

லேபில் ஆறு மாடலும் மறுபடி. கடிகாரத்தைப் பார்க்காமல், சொட்டு மிதக்கிற வரைக்கும். வரிசை தலைகீழ். சின்ன மோட்டார் கடைசி. நாங்கள் நாலு பேர், நாலு பேரும் காலையில் இட்லி தின்று வந்தவர்கள், இரண்டு வருஷமாக ஒருத்தருக்கும் மாவைத் தொடத் தோன்றவில்லை.

குழுத் தலைவரிடம் சொன்னேன். இப்போதைக்கு விடுங்கள், அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்கிறார். அடுத்த திருத்தம் எப்போது? அதற்குள் தெருத்தெருவாக ஐம்பத்திரண்டு நிமிடம் ஓடும். அதற்கும் அத்திப்பட்டில்தான் எரிக்க வேண்டும். முடியாது என்றேன். எழுதியவள் நான், அழிக்கிறவளும் நான்தான்.

துப்பட்டா இன்னும் வாளியில்.

ஜூன் 13, வெள்ளி

மழை வருகிற மாதிரி காட்டி ஏமாற்றியது. கூட்டம், ஹால் நிறைய கம்பெனிக்காரர்கள்.

முதல் ஆளாக எழுந்து என் பிரிவை நானே வாபஸ் வாங்கினேன். தலைவர் தண்ணீர் குடித்தார். புது வாசகம் படித்தேன்: நிமிடக் கணக்கு இல்லை, உளுந்து மாவு பதமாகி மிதக்கும் வரை செலவாகும் யூனிட்தான் கணக்கு. சின்ன மோட்டார் கம்பெனிக்காரர் எழுந்து டம்ளரெல்லாம் ஒரு கருவியா என்று கேட்டார். சிரிப்பு. கேட்பார் என்று தெரியும். அவருடைய கிரைண்டரையும் ஊறிய உளுந்தையும் கொண்டுபோயிருந்தேன். இருபது நிமிடம் ஓடுகிற சத்தத்தில்தான் மற்றவர்கள் கருத்துச் சொன்னார்கள். பிறகு டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன். சொட்டு மூழ்கியது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் ஏற்றுக்கொண்டார். ஒரு நிபந்தனை: எது மிதப்பது, எது மூழ்குவது என்று கண் பழகிய ஒருவரை வைத்து, குழு முன்னிலையில் ஒரு தடவை ஓட்டிக்காட்ட வேண்டும். திங்கட்கிழமை. பெயர் கேட்டார். உடனே சொன்னேன்.

கால் வலி. சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம்.

ஜூன் 14, சனி

துப்பட்டா வெளுத்தது. வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன்.

தெரசாக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். பெரிய ஆபீசர்கள், கார் அனுப்புவார்கள், லேபில் எல்லாரும் காத்திருப்பார்கள் என்று அடுக்கினேன். உளுந்து களைந்துகொண்டே கேட்டார். தலை நிமிரவில்லை.

"திங்கக்கெழம தோதுப்படாது. சர்ச்சுல விசேசம், மாவு ஆர்டர் கீது. செவ்வாக்கெழம வெச்சிக்க சொல்லு."

தலைவருக்கு போன் போட்டேன். செவ்வாய்க்கு மாற்றியாயிற்று.