இரண்டு அடுப்பு, ஒரு அத்தை

ஒக்டோபர் 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். வத்தேகம பஸ்ஸில் குடைக் கம்பி ஒன்று போச்சு. பள்ளிக்கூட லீவிலும் நிம்மதி இல்லை, தேயிலைத் தோட்டக் கணக்கெடுப்புக்கு என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஒபிஸ் ஐயா திரும்பத் திரும்பச் சொன்னது: ஒரே அடுப்பில் சமைத்தால் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு புது வீடு.

வாங்க: பென்சில், பிஸ்கட், அட்டைக்கடிக்குக் காலில் பூச சவர்க்காரம்.

ஒக்டோபர் 10, புதன்

மேல் லயம். தொழிலாளர் வரிசை வீடுகள் வரை ஏறுவதற்குள், சவர்க்காரம் பூசியும் அட்டை விடவில்லை. "போன மாசம் சாப்பாட்டைக் குறைத்தீர்களா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்க எனக்கே கூச்சம். குறைத்தோம் என்று சொன்ன வீட்டிலும் ரொட்டியும் சம்பலும் தந்துதான் அனுப்பினார்கள். பிஸ்கட் பை திறக்கவே இல்லை.

கடைசி காம்பரா, அந்த ஓரறை வீட்டில் லட்சுமி அக்கா. கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். இரண்டு மகன், இரண்டு மருமகள், பிள்ளைகள், எல்லாரும் ஒரே கூரைக்குள்.

"அடுப்பு எத்தனைங்க அக்கா?"

"ஒண்ணுதான் டீச்சர். நாங்க பிரியல."

சொல்லி வாய் மூடவில்லை, மூத்த மருமகள் புஷ்பம் தேத்தண்ணி கொண்டு வந்தாள். இஞ்சி தூக்கல். பின்னாடி தகரக் கொட்டிலிலிருந்து இளையவள் செல்வி இன்னொரு கிளாஸ். ஒரே சீனி. இரண்டையும் குடித்தேன். ஒரே அடுப்பாம்!

"ரெண்டுன்னு சொன்னா ரெண்டு வீடு கிடைக்கும் அக்கா."

"வீட்டுக்காக அடுப்பப் பிரிக்கிறதா? போங்க டீச்சர்."

என்ன பிடிவாதம். ஒன்று என்று எழுதினால் அத்தனை பேரும் மறுபடி ஒரே வீட்டுக்குள் நெருக்கியடிக்க வேண்டும். எழுதாமல் எழும்பி வந்துவிட்டேன். எரிச்சல்.

ஒக்டோபர் 11, வியாழன்

வெயில்! உடுப்பெல்லாம் காய்ந்தது. கீழ் லயம் முடிந்தது. அங்கேயும் ரொட்டி. லட்சுமி அக்கா மேல் கோபம் குறையவில்லை.

ஒக்டோபர் 12, வெள்ளி

இன்றே கடைசி. பகல் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து மறுபடி மேல் லயம். லட்சுமி அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் கேட்கும் முன் அவரே, மெதுவாக:

"ரெண்டுன்னு எழுதினா எம்பேரு எதுல வரும் டீச்சர்? காலையில புஷ்பத்துக்கிட்ட திங்கிறேன், ராவைக்குச் செல்விக்கிட்ட. ரெண்டுலயும் இல்லாமப் போயிட்டா?"

 இந்தப் பயத்தைப் போய்ப் பிடிவாதம் என்று எழுதினேனே.

உள்ளே சோறு போட்டுக்கொண்டிருந்த புஷ்பத்தின் காதில் விழுந்துவிட்டது. கரண்டியோடு ஓடி வந்தாள். "அத்தைய எங்க கூட எழுதுங்க டீச்சர்."

கொட்டிலிலிருந்து செல்வி: "அதெப்படி? அத்த எங்க வீட்டுக்குத்தான். புஷ்பம் அக்கா கொழம்புல உப்பே இருக்காது."

"ஒன் தேத்தண்ணியில எறும்பு மொய்க்குதே, அது?"

லயமே கூடிவிட்டது. ஆளுக்கொரு பக்கம். லட்சுமி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்குகிறார். "ரெண்டுன்னே எழுதுங்க டீச்சர்." எழுதினேன், பேனையால், அழுத்தி. அப்படியொரு சந்தோஷம்.

அத்தை பெயர் மட்டும் பாக்கி. பஸ்ஸுக்கு நேரமாச்சு. "நீங்களே சொல்லிருங்க அக்கா, யார் வீடு?"

"அவசரப்படாதீங்க டீச்சர். இன்னுங் கொஞ்ச நேரம் சண்ட போடட்டும்."