மாதம்மாவின் முழங்கால்

கார்த்திகை 9, செவ்வாய்

மூட்டுகளை முடக்கும் ஃபுளோரைடு கலந்த குடிநீர் குறித்து மத்திய அரசு நிதியில் நடைபெறும் ஆய்வுக்கு, ஏரியூர்ப் பக்கத்துச் சிற்றூரில் படிவங்களை நிரப்பியவள் நான். "சுவத்தப் புடிக்காம எந்திரிக்க முடியலீங்கக்கா" என்றாள் அவ்வூர் மாதம்மா. "முழங்காலில் சிறு அசௌகரியம்" என்று எழுதினேன். மற்றவர்களின் வலியையும் அப்படித்தான் எழுதினேன். பள்ளியை முடிக்காதவள் நான்; என் எழுத்து நடையை ஆய்வை நடத்தும் விஞ்ஞானி பாராட்ட வேண்டுமென்ற ஆசை.

இன்று பாராட்டினார். பிறகு, பாதிப்பு குறைவாகப் பதிவாகியிருப்பதால் அடுத்த கட்ட நிதியில் அவ்வூருக்கு இடமில்லை என்றார். பிழை என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் மாதம்மா அமர்ந்திருந்தாள். "நீங்க எழுதுனா டில்லியே ஓடி வருமுங்க! எப்பக்கா வர்றாங்க?"

"பரிசீலனையில் உள்ளது" என்றேன்.

எழுந்திருக்க என் தோளைப் பிடித்தாள்.

விஞ்ஞானிக்கு உண்மையைத் தெரிவிக்கும் கடிதத்தை இருமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டிலும் என் நடைதான் இருந்தது. அவளுடைய முழங்கால் இல்லை.