பட்டியலில் என் கணவர்

மார்ச் 3, செவ்வாய்

கணவர் போன துக்கத்தில்தான் நான் வீடியோ கேம் ஆடத் தொடங்கினேன் என்று என் மகள் எல்லோரிடமும் சொல்லி வருகிறாள். இன்று கண் டாக்டரிடமும் சொன்னாள். தவறு. அவர் இறப்பதற்கு ஆறு வருடம் முன்பே தொடங்கிவிட்டேன். முழங்கால் அறுவைக்குப் பிறகு நடக்கக் கூடாது என்று உட்கார வைத்தார்கள். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அவர் இருந்தவரை பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கேட்காத யோசனையெல்லாம் சொல்லி உயிரை வாங்கினார். இப்போது யாரும் யோசனை சொல்வதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கேயே திருத்தினேன். டாக்டர் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது. ஊசி போட்டால் வேகம் குறையும், நிற்காது.

"படிக்க எவ்வளவு நாள்?" என்றேன்.

"வசதியா படிக்கிறதுன்னா ஒன்றரை வருஷம் சொல்லலாம்மா. அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

திரும்பும் வழியெல்லாம் மகள் பேசிக்கொண்டே வந்தாள். நான் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 4, புதன்

ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அலமாரியை இரண்டு முறை அடுக்கினேன்.

மார்ச் 6, வெள்ளி

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கு நிதானம் வரும்.

'மதகுக் காவலர்' ஜப்பானிய விளையாட்டு. சுடுவது, குதிப்பது எதுவும் கிடையாது. ஒரு கால்வாய், ஒரு மதகு. படகு வரும். ஒரு கதவை மூடி, தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து, மறு கதவைத் திறந்துவிட வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் படகில் இருப்பவர்கள் பேசுவார்கள். அதைப் படிக்க வேண்டும். யாரை விடுவது, யாரை நிறுத்துவது, பதிவேட்டில் என்ன எழுதுவது எல்லாம் நம் பொறுப்பு. மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் முப்பத்தோரு வருடம் இருந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை யாரும் செய்துவிட முடியாது.

முதல் இரண்டு பாகங்களும் ஆங்கிலத்தில் வந்தன. இரண்டாவதன் முடிவில் காவலரின் மனைவி ஒரு படகில் ஏறிப் போய்விடுகிறாள். ஏன், எங்கே என்று இல்லை. "திரும்பி வந்துடுவா பாரு," என்றார் என் கணவர். வந்தால் அவள் மடைச்சி என்றேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் பாகம் ஜப்பானில் வந்து நான்கு வருடமாகிறது. இன்னும் கடல் தாண்டவில்லை. அதற்குள் அவர்— சரி.

இன்று கம்பெனியின் வெளிநாட்டுக் கிளை அறிவித்துவிட்டது. மதகு மூன்று, இல்லையென்றால் 'அடுப்படி அகாடமி' என்கிற சமையல் பள்ளி விளையாட்டு. இரண்டில் ஒன்றுதான் ஆங்கிலத்தில் வரும். எந்த விளையாட்டுக்கு ஐயாயிரம் பேர் "வாங்குவோம்" என்று பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கொடுக்கிறார்களோ, அதுதான். இந்த மாதக் கடைசிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும். மொழிபெயர்க்கப் பதினான்கு மாதம் பிடிக்குமாம்.

பதினெட்டில் பதினான்கு போனால் நான்கு. நான்கு மாதம் எனக்குப் போதும்.

முடிவு தெரிந்தவர்கள் எங்கள் ரசிகர் குழுவிலேயே இருக்கிறார்கள். கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கேட்க மாட்டேன். முடிவைச் சொல்கிறவரை வெளியேற்ற வேண்டும் என்ற விதியை எழுதியவளே நான்தான். அந்த மதகில் நின்று நானே படிக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

குழுவின் தொலைபேசிக் கூட்டம். நம் மொழி பேசுகிறவர்கள், ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. கான்வென்ட்டில் படித்தவள் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னேன். அன்றிலிருந்து நான் 'சுப்பீரியர்', கன்னியாஸ்திரீ மடத்துத் தலைவி. குழுவை நடத்துபவர் 'கொசு', பல்செட் செய்வது அவர் தொழில். 'நீர்யானை' நகரப் பேருந்து ஓட்டுகிறாள். தானாகவே ஜப்பானிய மொழி கற்று மூன்றாம் பாகத்தை முடித்தவள். அடுப்படிக் கூட்டத்தின் சார்பில் 'வெண்ணெய்' வந்திருந்தான்.

"உங்க ஆட்டத்துல பத்து லட்சம் வார்த்தை," என்றான் வெண்ணெய். "அதை முடிக்கிறதுக்குள்ள மொழிபெயர்க்கிற ஆளு ரிட்டயர் ஆயிடுவான். எங்களுது சின்னது. பொம்மை விக்கும், பாட்டு விக்கும். கம்பெனி என்ன தர்மத்துக்கா நடத்துறான்?"

"பொம்மை வேணும்னா பொம்மைக் கடைக்குப் போ தம்பி," என்றாள் நீர்யானை.

"அக்கா, உங்க மதகுல தண்ணி ஏற ஏழு நிமிஷம். நான் போய்க் குளிச்சிட்டு வந்து பார்த்தா இன்னும் ஏறிக்கிட்டிருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மைக்கை அணைத்துவிட்டு. பிறகு சொன்னேன்: எல்லோரும் விரும்புவது எப்படியும் வந்து சேரும், சிலர் மட்டும் விரும்புவதற்காகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"அப்போ யாருக்கும் வேணாததைத்தான் கொண்டுவரணும்ங்கறீங்களா சுப்பீரியர்?"

நாள் முழுக்க அந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது.

பட்டியலைச் சரிபார்க்கும் வேலையைக் கொசு என்னிடம் கொடுத்திருக்கிறார். "உங்களை விட்டா யாரு இருக்கா?" உண்மைதான்.

மார்ச் 14, சனி

5,212 பெயர்கள். காலைப் பலகாரத்தைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டேன், அவ்வளவு சந்தோஷம். எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு வரியாக.

3,340ஆம் வரியில் என் கணவர்.

தலைப்பெழுத்தோடு முழுப் பெயர். அவருடைய மின்னஞ்சல். யாரோ அதே பெயர்க்காரர் என்று ஒரு நொடி நினைத்தேன். இல்லை, முகவரியில் எங்கள் கல்யாண வருடம் இருக்கிறது.

பிறகுதான் விளங்கியது. இரண்டாம் பாகத்துக்காக ஆறு வருடம் முன்பு ஒரு விண்ணப்பம் போட்டோம். அவரும் கையெழுத்திட்டார். அந்தப் பழைய பட்டியலை அப்படியே இதன் அடியில் ஒட்டியிருக்கிறார் கொசு. அதை நீக்கி, ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வந்ததையும் நீக்கி எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன்.

1,904.

மார்ச் 15, ஞாயிறு

கொசுவைக் கூப்பிட்டேன். மறுக்கவில்லை.

"அவங்களும் நம்ம ஆளுங்கதானே சுப்பீரியர்? ரெண்டாவது வேணும்னு கேட்டவன் மூணாவது வேணாம்னா சொல்வான்?"

"கேட்டீங்களா?"

"மூவாயிரம் மெயில் யாரு போடுறது? அடுப்படிக் கும்பல் மட்டும் யோக்கியமா? எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

"அதுல ஒருத்தர் செத்துப்போயிட்டார்."

"யாரு?"

சொன்னேன். "அவரை மட்டும் எடுத்துடறேன்," என்றார்.

அவரை மட்டும்! எங்கள் பதிவேட்டு அறையில் ஓர் இறந்தவர் உயிரோடு இருப்பதாகப் பதிவானால் அன்று முழுப் புத்தகத்தையும் பார்ப்போம். ஒரு வரியை அடித்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம். 1,904 என்று அனுப்புங்கள், இல்லையென்றால் அனுப்பவே வேண்டாம் என்றேன்.

மார்ச் 16, திங்கள்

குழுவில் என்னை 'அடுப்படி ஒற்றர்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒற்றுப் பிழையோடு.

மகளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்பா பேரு இருந்தா என்னம்மா? அவருக்கும் பிடிச்ச ஆட்டம்தானே. உங்களுக்குத்தானே அது வேணும்? உங்க கண்ணுக்குத்தானே அவசரம்?"

ஆமா, எனக்குத்தான் வேணும். எனக்குத்தான் அவசரம். இது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே கொசுகிட்ட அப்படிச் சொன்னேன். என்னத்துக்கு எல்லாரும் இதையே திரும்பத் திரும்ப— போதும். விளக்கை அணைக்காமல் வந்துவிட்டேன், அணைக்க வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

கொசு 5,212ஐயே அனுப்பிவிட்டார். நீர்யானை சொல்லித் தெரிந்தது. குழுவிலிருந்து விலகினேன். கதவைச் சாத்தும் சத்தம் கேட்காதது இந்த இணையத்தில் ஒரு குறை.

மார்ச் 27, வெள்ளி

ஊசி போட்டார்கள். வலி பெரிதில்லை. காத்திருப்பவர்கள் அறையில் எல்லோரும் என் வயது. எல்லோரும் சுவரில் இருந்த எழுத்துப் பலகையை ரகசியமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 2, வியாழன்

கம்பெனி முட்டாள் இல்லை. பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் போட்டிருக்கிறது. எனக்கு ஒன்று வந்தது, உடனே உறுதி செய்தேன்.

அவருக்கும் ஒன்று வந்திருக்கிறது. மின்கட்டணச் சீட்டு அந்த முகவரிக்குத்தான் வரும் என்பதால் நான் அதை மூடவில்லை.

"அன்புள்ள ஐயா, மதகுக் காவலர் மூன்று வெளிவந்தால் வாங்குவீர்களா?" கீழே இரண்டு பொத்தான்கள். வாங்குவேன். வாங்க மாட்டேன். பத்தாம் தேதிவரை அவகாசம்.

ஏப்ரல் 3, வெள்ளி

வாங்குவேன் என்பது பொய். வாங்க மாட்டேன் என்பது அதைவிடப் பெரிய பொய். வெளியான அன்றே வாங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார்.

ஏப்ரல் 6, திங்கள்

நான்கு தடவை திறந்தேன். ஒரே ஒரு ஓட்டு. யாருக்கும் தெரியாது. விரலை வைத்துக்கூடப் பார்த்தேன். "அழுத்திடேன், நீ என்ன பெரிய நீதிபதியா," என்று அவர் சொல்லியிருப்பார். அவர் சொல்வார் என்பதற்காக ஒரு காரியத்தை நான் எப்போது செய்தேன்?

ஏப்ரல் 10, வெள்ளி

அழுத்தவில்லை. அவகாசம் முடிந்தது. மாலையில் மூன்று தெரு சுற்றி நடந்தேன், முழங்கால் கேட்டது ஏன் என்று.

ஏப்ரல் 21, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. அடுப்படி அகாடமி 5,066. மதகு மூன்று 2,237. சமையல் பள்ளிதான் வருகிறது. அந்தக் கும்பல் யோக்கியமான கும்பல்தான் போலிருக்கிறது.

ஆனால் 2,237? என் கணக்கு 1,904. அப்படியானால் பழைய பட்டியலிலிருந்து முந்நூற்று முப்பத்து மூன்று பேராவது இன்னும் வேண்டும் என்றிருக்கிறார்கள். அவர்களை ஒரே கோட்டில் அடிக்கச் சொன்னவள் நான். நானும் கேட்கவில்லை.

கொசு கூப்பிட்டார். "மன்னிச்சிடுங்க சுப்பீரியர். சார் பேரையும் நான் எடுக்கவே இல்ல, மறந்துட்டேன்." நானும் என் முந்நூற்று முப்பத்து மூன்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை; சுருக்கமாக முடித்துக்கொண்டேன். வெண்ணெய்கூட எழுதியிருந்தான்: "ஜெயிச்சும் ஒரு மாதிரியா இருக்கு சுப்பீரியர். நிஜமா."

ஏப்ரல் 25, சனி

நீர்யானை பணிமனையிலிருந்து பேசினாள். பின்னால் பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன.

"சுப்பீரியர், நாமளே பண்ணிட்டா என்ன? ஆங்கிலம் எதுக்கு, நம்ம மொழியிலயே. ஏழு பேரு வரோம்னு சொல்றாங்க."

"அது களவு. வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அனுமதி கேட்டா களவா?"

"கேட்டா யாரு குடுப்பா?"

"நீங்க கேட்டா அவன் குடுக்காம தப்பிக்க முடியுமா?"

சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் கண் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மகளையும் டாக்டரையும் தவிர வேறு யாருக்கும் சொன்னதில்லை. அவள் "ஐயோ பாவம்" என்று ஆரம்பிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

"எத்தனை மாசம்?"

"பதினாறு."

"அப்ப மடமடன்னு வேலையைப் பார்க்கணும். அதுக்குள்ள முடியலைன்னா மிச்சத்தை நான் வாசிச்சுக் காட்டறேன். தினமும் ஒரு ட்ரிப் முடிஞ்சு இருபது நிமிஷம் சும்மாத்தான் உட்கார்ந்திருப்பேன்."

இன்னொருவர் வாசித்து நான் கேட்பதா? போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 27, திங்கள்

மகளிடம் செய்தித்தாளைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் வாசித்தாள். காற்புள்ளி எதிலும் நிற்கவில்லை. ஆனாலும் எல்லாம் புரிந்தது.

மே 2, சனி

நீர்யானை முதல் படகை மட்டும் மாதிரிக்கு மொழிபெயர்த்து அனுப்பினாள். நாற்பத்தொரு திருத்தம் போட்டேன். நடுத்தெரு லாரிக்காரன் மாதிரிப் பேச வேண்டிய படகோட்டி, வானொலிச் செய்தி வாசிக்கிறான். "நாற்பத்தொண்ணா! இதுக்கு நான் வண்டியே ஓட்டிக்கிட்டிருக்கலாம்," என்று கோபித்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் திருத்தி அனுப்பினாள். இப்போது அவன் படகோட்டி.

சில வரிகளின் நடுவில் ஒரு சொல் காணாமல் போகிறது. தலையைச் சாய்த்தால் வருகிறது.

மே 9, சனி

கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்தின் தமிழ்ப் பிரதி. கொசு, நீர்யானை உட்பட ஏழு பேரும் படித்து ஒப்புதல் தந்த பிறகு இன்று ஆங்கிலத்தில் அனுப்பினேன்.

"ஐயா,

உங்கள் ஏப்ரல் 2 மின்னஞ்சலுக்கு என் கணவர் பதில் தரவில்லை. அவர் இறந்து மூன்று வருடமாகிறது. எங்கள் தவறால் அவர் பெயர் பட்டியலில் சேர்ந்தது, நீக்கிவிடவும்.

மதகுக் காவலர் மூன்றை நீங்கள் ஆங்கிலத்தில் வெளியிடப் போவதில்லை என்று அறிந்தோம். 2,237 பேருக்காகப் பதினான்கு மாதம் உழைக்க முடியாது என்பது நியாயம். எங்களால் முடியும். நாங்கள் எட்டுப் பேர். ஜப்பானிய மொழி அறிந்தவர் ஒருவர், சரிபார்ப்பவள் நான். விளையாட்டின் எழுத்துப் பகுதியை மட்டும் எங்கள் மொழியில் பெயர்க்க விரும்புகிறோம். விற்க மாட்டோம். உங்களிடம் மூலத்தை வாங்கியவர்களுக்கு மட்டுமே கொடுப்போம். மாதிரிக்கு முதல் படகை இணைத்திருக்கிறேன். அனுமதியில்லாமல் இரண்டாம் படகைத் தொட மாட்டோம்.

தொலைபேசியில் சொல்வதை நான் ஏற்பதில்லை. அனுமதி உண்டா, இல்லையா என்று எழுத்தில் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்."