நீ பாட, நான் மறுமொழி சொல்ல

மச்சான்,

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் ஈரக் கயிற்றின் மணம் போகவில்லை. நீ போன நாளிலிருந்து வாய் திறக்காமல் கரைவலை இழுத்தவன், இன்று காலை அம்பாப் பாட்டுக்கு உரத்து மறுமொழி சொன்னேன்.

நம் கோபம் எதனால் வந்தது என்று ஊருக்கே தெரியும். என் மூத்தவளின் கலியாணத்துக்கு உன் வீட்டுக்கு நேரே வந்து சொல்லாமல், அழைப்பிதழை யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டேன். அலைச்சலில் செய்த பிழை. நீ வரவில்லை. நானும் வீம்புக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆறு வருடம், தெருவில் கண்டால் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

ஆனால் வலைக்கு நம் சண்டை தெரியுமா? நீ ஓரடி பாட, நாங்கள் மறுமொழி சொல்லி ஒன்றாய் இழுத்தால்தான் அது கரைக்கு வரும். ஒருநாள் பாட்டுக்குள்ளேயே, "கடதாசி அனுப்பின துரை, கயித்தை இறுக்கிப் பிடி" என்று செருகினாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கயிற்றைப் போட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். காலோ உன் தாளத்துக்கே அடி வைத்தது. வாயும் மறுமொழி சொல்லிவிட்டது. அன்றிலிருந்து தினமும் அந்த வரியைப் பாடினாய். சேர்ந்து பாடும்போது மனிதனால் முழுதாய்க் கோபிக்க முடியாது போலும்.

உன்னைப் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது வாசல்வரை வந்தேன். உள்ளே வர வெட்கம். நாளைக்குப் பார்ப்போம் என்று திரும்பினேன். அந்த நாளைக்கு நீ இல்லை. கோபத்தோடேயே போய்விட்டாய் என்று ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்து உன் மனைவியிடம் சொன்னேன்: "அவன் என்னோடை கோவத்தோடைதான் போயிட்டான், தங்கச்சி."

அவள் வியப்பாய்ப் பார்த்தாள். "ஆர் சொன்னது அண்ணை? உங்களோடை கதைக்கிறேல்லையோ எண்டு நான் கேட்டால், 'காலமை காலமை கரையிலை கதைக்கிறனாங்கள்தானே, அவன் மறுமொழி சொல்லுறான்' எண்டெல்லோ சொல்லுவார்."

அங்கேயே அழுதுவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி. பந்தியில் இரண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்று காலை உன் இடத்தில் நின்று பாடியவன் பழக்கத்தில் உன் வரியையே எடுத்தான். "கடதாசி அனுப்பின துரை" என்றவன், என் முகத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டான். கயிறு தளர்ந்தது. நான்தான் உரத்து மறுமொழி சொன்னேன். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், வலை வந்தது.

தையில் இளையவளுக்குக் கலியாணம். முதலில் உன் வீட்டுக்குத்தான் நேரே வந்து சொல்வேன். அந்த வரியை விடாமல் பாடச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலையும் கதைப்போம், மச்சான்.