பிரசாதம் இல்லாத மணி

அன்பு மகளே,

ஆப்பிரிக்காவில் நீ நர்ஸாக இருக்கும் மலாவி நாட்டுக் கிராமத்தில், ஆறு பெருகினால் பெண்களே முரசடித்து ஊரைக் கூட்டுவதாக எழுதியிருந்தாயே, அதை நம் மகளிர் குழுவில் படித்துக் காட்டினேன். முரசுக்கு எங்கே போவது? மேட்டிலிருக்கும் மாரியம்மன் கோயில் மணியே போதும் என்று முடிவு செய்தோம்; ஊரில் எல்லோருக்கும் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

செவ்வாய் மதியம் நம் ஏரி வழிந்தது. ஆத்தாளை வேண்டிக்கொண்டு மணியை அடித்தேன். ஏரிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தெருவே கிண்ணத்தோடு வந்து நின்றது!

"இன்னாக்கா, பொங்கலா சுண்டலா?" என்றாள் நிறைமாத வெண்ணிலா.

"வெள்ளம் வருதுடி! இங்கயே நில்லு!"

அரை மணியில் அவள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். தலை எண்ணி நோட்டில் குறித்தேன்: நாற்பத்தொரு பேர், ஒருவரும் குறையவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் நாற்பத்திரண்டானது. பெண் குழந்தை!

அந்த ஊர்ப் பெண்களிடம் இதைச் சொல். அங்கே போகாதே என்று உன்னிடம் அழுதவள்தான் மணியடித்தாள் என்பதை மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா