புகாரில் என் பெயர் இல்லை

மார்ச் 4, 2012

குட்டியின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். முதுகுவலி எப்படி இருக்கிறது? தண்ணீர் லாரியில் ஏறும்போது பெல்ட்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

நேற்று எக்ஸ்ரே அறைக்குப் போலீஸ் வந்தது. நோயாளிகள் பார்க்க, நீங்கள் புகார் கொடுத்த அந்த எக்ஸ்ரேக்காரரை அழைத்துப் போனார்கள். நான் அடுத்த கட்டிடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே ஸ்டேஷனுக்குப் போய், என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புருஷன் புகார் குடுத்தா ஆம்பளை மேலதாம்மா கேஸ். உன் பேரு இதுல வராது" என்றார்.

என்னை யாரும் மயக்கவில்லை. நாலு மாதம் அவரோடு பழகியதை, தெரிந்தேதான் செய்தேன். உங்களுக்குத் தெரியவரும் முன்பே அது முடிந்தும்விட்டது. செய்த தப்புக்கு உங்கள் முன்னால் தலைகுனிகிறேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 9

உனக்கு,

உன் அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவனுக்காக மனுப் போடுகிறாய். பர்ஸ் அடித்தவனுக்குச் சட்டம் உண்டு, குடும்பத்தைக் கலைத்தவனுக்குக் கூடாதா? லாரி ஸ்டாண்டுக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. கூடப் பிறந்தவனே விட்டுத் தள்ளு என்கிறான். சட்டம் ஒன்றுதான் என் பக்கத்தில் வந்து நின்றது. அதையும் விடச் சொல்கிறாய்.

குட்டி சரியாகச் சாப்பிடுகிறாள். எனக்குப் பின்னல் போட வரவில்லை என்று முடியை வெட்டிக்கொண்டாள்.

குட்டியின் அப்பா

மார்ச் 17

குட்டியின் அப்பாவுக்கு,

தனக்குச் சாட்சி சொல்லச் சம்மன் வந்திருப்பதாகக் குட்டியே போனில் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் எங்களை ஒன்றாகப் பார்த்தவள் அவள்தானே. பதினாலு வயசுப் பெண்ணை அவருடைய வக்கீல் துருவித் துருவிக் கேட்பார்.

மன்னிக்கச் சொல்லவில்லை. திரும்ப அழைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. விவாகரத்துக் கேட்டால் கையெழுத்துப் போடுகிறேன். நானும் சம்மதித்தேன் என்று கோர்ட்டில் சொல்லத் தயார். சொன்னால் அவர் மேல் உள்ள கேஸ்தான் இறுகுமாம், என் மேல் ஒன்றும் வராதாம். பதினாறு வருஷம் உங்களோடு வாழ்ந்த நான் என்ன, திருடுபோன சைக்கிளா? கோபத்தை என்னிடம் காட்டுங்கள். பிள்ளையைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

குட்டியின் அம்மா

ஏப்ரல் 2

குட்டியின் அம்மாவுக்கு,

இன்று கோர்ட்டுக்குப் போனோம். குட்டியை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்று அரசு வக்கீல் சொல்லிக்கொடுத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "நான் உண்மையத்தான் சொல்லுவேன்ப்பா. சொன்னப்புறம் அம்மாகிட்ட எப்படிப் பேசறது?"

அவளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ப் புகாரைத் திரும்ப வாங்குகிறேன் என்றேன். மன்னித்துவிட்டீர்களா என்று நீதிபதி கேட்டார். "இல்லீங்கய்யா" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்துக்கு என் பிள்ளையைக் கொடுக்க முடியாது.

விவாகரத்துப் பத்திரம் அடுத்த வாரம் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

சனிக்கிழமை குட்டி உன்னிடம் வருகிறாள். ஆறு மணிக்குக் கூட்டிப்போகத் தெருமுனையில் நிற்பேன், வீட்டுக்கு வரமாட்டேன். அவள் அங்கேயே இருக்கிறேன் என்று சொன்னால், எனக்காகப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

குட்டியின் அப்பா