முடியுமுன் எழுந்த வரிசை

14-11-1991, வியாழன்

மழை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பாதி லைன் செத்துவிட்டது. மீதி லைனில் கொரகொர. தாம்பரமே காலையிலிருந்து எனக்குப் போன் செய்து, தன் போன் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்லிற்று. இப்போது எதில் பேசுகிறீர்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

முடிச்சூர் ரோடு முழுக்கத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்து, புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நாற்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி முழங்காலைக் காட்டிக்கொண்டு போகிறாள். ஊரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. துணுக்காக எழுதி வாரப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். இருபத்தைந்து ரூபாய் கிடைக்கும். முழங்காலுக்கு இந்த மட்டிலாவது மரியாதை.

பகலில் இவரைப் பார்த்துக்கொள்ளும் பொன்னியம்மாள் வாசலிலேயே அறிக்கை படித்தாள். "சாரு இன்னிக்கும் பேஜார் பண்ணல. திருப்புன பக்கம் திரும்பிக்கினாரு." என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய் இரண்டு வருஷம். பேச்சுப் போனது சரி, புரிவதாவது புரிகிறதா? உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நான் தினமும் ஊர்வம்பு முழுவதும் ஒப்பிக்கிறேன். முகம் சுவர் மாதிரி இருக்கிறது. சுவரிடம் பேசுவதற்கு எனக்குக் கூச்சம் கிடையாது. வேலையே அதுதான்.

17-11-1991, ஞாயிறு

இவர் அண்ணன் ஏகநாதன் வேலூரிலிருந்து வந்தார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீடு பெரியது, கீழே தனி அறை, தூக்கிப் படுக்க வைக்க ஆள் போட்டிருக்கிறாராம். தம்பியைத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்றார். ஒரு மாதம் இரண்டு மாதத்துக்கு இல்லை, நிரந்தரமாக.

"நீ ரொம்ப எளைச்சுட்டம்மா. தை பொறந்ததும் நானே கார் கொண்டாந்து அழைச்சிட்டுப் போறேன். அவனுக்கு எந்த வீடா இருந்தா என்ன? ஒண்ணும் தெரியப் போறதில்ல."

எல்லாம் இவர் தலைக்கு மேலேயே, பீரோவை எந்த மூலையில் போடலாம் என்று பேசுகிற மாதிரி நடந்தது. நான் "சரி மாமா" என்றேன். வேகமாக வந்துவிட்டது. அவரே கொஞ்சம் திடுக்கிட்டார். ஒரு தரமாவது மறுப்பேன், இரண்டாம் தரம் சம்மதிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு அந்த அளவு தெம்பு இல்லை.

18-11-1991

நேற்று விடியும்வரை தூங்கினேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. இதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கப் போவதில்லை. யோசித்தால் அந்தத் தூக்கமும் போய்விடும்.

3-12-1991, செவ்வாய்

கிழக்குத் தாம்பரம் சர்ச்சில் பாட்டுக் குழு நடத்துகிற ஞானஜோதி சார் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டிருந்தார். லைன் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது ஆபரேட்டரின் கடமை. கடமையில் நான் எப்போதும் கொஞ்சம் அதிகக் கண்டிப்பு.

ஜெர்மனியிலிருந்து ஆர்கெஸ்ட்ரா வருகிறது. எண்பது பேர். ஜனவரி நாலாம் தேதி சனிக்கிழமை மெட்ராசில் கச்சேரி. தாம்பரம் பக்கத்துக்கு ஞானஜோதி சார் பொறுப்பில் பாஸ். கேட்டுக்கொண்டே இருந்தவள், என்னை அறியாமல் "சார், எனக்கு மூணு" என்றுவிட்டேன். யாரது என்று பம்பாய்க்காரர் கேட்டார். கிராஸ் டாக், வேறு லைன் கலந்துவிட்டது என்று குரலை மாற்றிச் சொல்லி ஒதுங்கினேன். ஞானஜோதி சாருக்கு என் குரல் எந்த வேஷத்திலும் தெரியும். சாயங்காலம் எக்ஸ்சேஞ்சுக்கே போன் செய்து, "மூணா, காந்திமதியம்மா? கிராஸ் டாக்குக்குத் தனியா ஒண்ணு வேணாமா?" என்றார்.

ஆர்கெஸ்ட்ரா என்றதும் பொன்னியம்மாளுக்குக் கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டுப் பாடுகிற கோஷ்டிதான் தெரியும். இது வேறு. இது இவருடைய பைத்தியம். ரயில்வே எலெக்ட்ரிக் ஷெட்டில் இவருக்கு ஃபோர்மேனாக இருந்த ஆங்கிலோ இந்தியர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது. இந்த மாதிரிக் கூட்டம் மெட்ராசுக்கு எப்போது வந்தாலும் போய்விடுவார். எப்போதும் கடைசிப் பகுதிக்கு முன்னால் எழுந்து வந்துவிடுவார். விடிகாலை ஷிப்டு, வண்டியை விட்டால் ஆயிற்று. தாம்பரம் வண்டிக்காக எந்தக் கச்சேரியிலும் முடியுமுன் எழுந்து ஓடுகிற கூட்டம்தானே நாங்கள்.

"எல்லாம் கேட்டேன், கடைசி மட்டும் நேர்ல கேக்கல" என்று வந்து சொல்வார். ரிக்கார்டில் இருக்கிறதே என்பேன். "சாப்பாட்டை போட்டோ புடிச்சு வச்சுப் பாக்கற மாதிரி அது" என்பார்.

நோய் வந்த புதிதில் அந்தத் தட்டுகளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். சுவர் அசையவில்லை. நிறுத்திவிட்டேன்.

வேலூர் போகும் முன் ஒரு தரம் கேட்கட்டும். இவர் காதில் விழுமா, தெரியாது. என் மனசாட்சியின் காதில் விழுந்தால் போதும்.

11-12-1991

முதுகு வலி. தைலத்தை நானே தடவிக்கொள்ள முயன்று சுவருக்குத் தடவினேன். சுவர் இப்போது நலம்.

30-12-1991, திங்கள்

பக்கத்து வீட்டு ஜாபர் ஸ்டேஷன் எதிரில் சொந்த டாக்ஸி ஓட்டுகிறார். இவரைத் தூக்கி உட்கார்த்த அவரால்தான் முடியும். மூன்றாவது பாஸ் அவருக்கு.

யார் பாடுகிறார்கள் என்று கேட்டார். யாரும் பாட மாட்டார்கள் என்றேன். "ரெண்டு மணி நேரமும் யாரும் பாட மாட்டாங்களா?" கொஞ்ச நேரம் கார் பானெட்டைத் துடைத்தார். "சரிக்கா. சாருக்காவ வரேன். கொறட்டை வுட்டா மட்டும் எழுப்பாதீங்க."

5-1-1992, ஞாயிறு

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை. இன்றும் கை சரியாக ஓடவில்லை.

ஞானஜோதி சார் தாம்பரத்துப் பாஸ்களை ஒரே வரிசையில் வாங்கி வைத்திருந்தார். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை இருந்தோம். ஓரத்து நாற்காலியில் இவர், பக்கத்தில் நான், அப்புறம் ஜாபர். மேடையில் எண்பது பேரும் கறுப்புக் கோட்டில். சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பிடில் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு பீரோ உயரம். பின்னால் மூன்று பேர் நீளமான பித்தளைக் குழாய்களை மடியில் வைத்துக்கொண்டு, இடைவேளைக்கு அப்புறமும் ஒரு ஊதுகூட ஊதாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் வெள்ளைக்காரராகப் பிறந்திருந்தால் இந்த வேலையில்தான் இருந்திருப்பார் என்று ஜாபர் காதில் சொன்னேன். முதல் பகுதி முடிந்ததும் எல்லாரும் கை தட்டினோம். நாலு பகுதியும் முடியும்வரை தட்டக்கூடாதாம். ஞானஜோதி சார் திரும்பி, பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஜாபரிடம் கொஞ்சம், இவரிடம் கொஞ்சம். யார் வழுக்கை, எந்தப் பெண்ணுக்கு யார் மேல் கண் என்று எல்லாம். இவர் முகம் எப்போதும் போல.

மூன்றாவது பகுதி தேய ஆரம்பித்தது. பிடிலை வில்லால் இழுக்காமல் விரலால் கிள்ளினார்கள். அதுவும் குறைந்து, கடைசியில் மேளக்காரர் மட்டும், நாலு வீடு தள்ளி யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தார். முடிந்தது என்று யாருக்கும் தோன்றும். எங்கள் வரிசை முழுதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தது. குரோம்பேட்டைக்காரர் ஒருவர் பையைத் தோளில் மாட்டினார். அவ்வளவுதான், தாம்பரம் முழுவதும் எழுந்துவிட்டது. நானும் எழுந்தேன். இவர் தோளைத் தொட்டு, "எழுந்திருங்க, முடிஞ்சுடுச்சு. ஜாபர், புடிங்க, வண்டி போயிடும்" என்றேன்.

"அக்கா, வண்டி நம்புளுது. வெளியதான் கீது."

அவர் சொன்னது மண்டையில் ஏறுவதற்குள் என் முந்தானை இழுபட்டது. நாற்காலியில் மாட்டிக்கொண்டது என்று திரும்பினேன். இல்லை. இவர் இடது கை. துணியைக் கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தது. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்துவிட்டேன், விழுந்தேன் என்றே சொல்லலாம். மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்து — பார்த்துக்கூட இல்லை — "ஷ்" என்றார்.

அப்போது திறந்தது.

வேறு சொல் கிடைக்கவில்லை. சத்தம் என்றால் தப்பு. சத்தம் எனக்குத் தெரியும், எக்ஸ்பிரஸ் தாண்டும்போது பிளாட்பாரத்து விளிம்பில் நிற்கிறவள் நான். சும்மா இருந்த அந்த மூன்று பேரும் குழாயைத் தூக்கினார்கள். எண்பது பேரும் ஒரே ஒரு நல்ல சேதியைக் கொண்டுவந்து, நான் முந்தி நீ முந்தி என்று சொன்ன மாதிரி இருந்தது. கால் கட்டைவிரல் வழியாக ஏறியது. அந்த மெல்லிய தட்டலுக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது, அது தெரியாமல் இத்தனை வருஷமும் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடியிருக்கிறோம். எழுந்து நின்ற எங்கள் வரிசை அப்படியே உறைந்தது. குரோம்பேட்டைக்காரர் பையோடு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முடியவும் இல்லை. முடிந்தது என்று மூச்சு விட்டால் மறுபடி, இன்னும் வேகமாக. விடைபெற்றுக்கொண்ட சம்பந்தி வாசலில் நின்று இன்னொரு அரை மணி பேசுவாரே, அது போல. ஆனால் போகாதே, போகாதே என்று நாமே உள்ளுக்குள் கெஞ்சுகிற சம்பந்தி. ஒவ்வொரு அடிக்கும் இவர் பிடி இறுகியது. முந்தானையெல்லாம் வியர்வை.

நான் அழுதேனாம். ஜாபர் சொன்னார். சும்மா அழவில்லை, மூக்கைச் சிந்தி, முன்வரிசை திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேனாம்.

இரண்டு வருஷமாக இந்த ஆளுக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருக்கிறேன். கேள்வியும் நான், பதிலும் நான். நேற்று வாயை மூடு என்றார்.

திரும்பி வரும்போது மீனம்பாக்கம் தாண்டியதும் ஜாபர் சொன்னார். "அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா வூட்ட கட்டி முடிச்சா மாதிரி கீது."

6-1-1992

இன்று யார் பேச்சையும் ஒட்டுக்கேட்கவில்லை. சக ஊழியர்கள் எனக்கு ஜுரமா என்று விசாரித்தார்கள்.

12-1-1992, ஞாயிறு

அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. சுவர். நானே "ஷ்" என்று சொல்லிப் பார்த்தேன். முந்தானையை அந்தக் கையில் வைத்துப் பார்த்தேன், வழுக்கி விழுந்தது. அன்று வாசித்ததின் இசைத்தட்டைத் தூசி தட்டிப் போட்டேன். அசைவில்லை. பொன்னியம்மாளிடம் நடந்ததைச் சொன்னால், "வாயிலந்து காத்து வந்திருக்கும்மா" என்று முடித்துவிட்டாள்.

காற்றுதானா? காற்று முந்தானையைப் பிடித்து இழுக்குமா?

காற்று என்றால் நல்லது. பையைக் கட்டி அனுப்பிவிட்டுத் தூங்கலாம். இல்லை என்றால் — உள்ளே ஆள் இருக்கிறார் என்றால், அன்றைக்கு அண்ணன் தலைக்கு மேலே பேசியது, நான் வேகமாகச் சரி சொன்னது, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். கடவுளே, நான் இரண்டு வருஷமாகச் சொன்ன வம்பு எல்லாமும் கேட்டிருக்கிறார். எக்ஸ்சேஞ்சில் ஒருத்தர் குடும்பம் பாக்கியில்லை.

இன்று எதிரே உட்கார்ந்து நேராகச் சொன்னேன். "உங்கண்ணன் அடுத்த ஞாயித்துக்கிழமை வராரு. வேலூருக்கு அழைச்சிட்டுப் போவாரு. என்னால முடியலீங்க. உண்மையாவே முடியல." கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. பதில் வராத ஆளிடம் கேட்பதே நாடகம் என்றும் தோன்றியது. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

19-1-1992, ஞாயிறு

பத்து மணிக்குக் கார் வந்தது. நேற்றே இவருடைய துணிகளைப் பையில் அடுக்கி, கட்டிலில் இடது பக்கம் வைத்திருந்தேன். வேறு இடமில்லை.

அண்ணன் காபி குடித்து முடித்ததும், "மாமா, ஒரு வார்த்தை அவரையே கேளுங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். தூக்கம் கெட்டு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். நல்ல மனிதர், கேட்டார். செவிடனிடம் பேசுகிற மாதிரி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார். "தட்சிணா! நம்ம வீட்டுக்குப் போலாமா?"

ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம். அண்ணன் என் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். டிரைவரைக் கூப்பிட வாசலுக்குப் போனார். நான் முகத்தைத் துடைக்கத் துண்டு எடுக்கத் திரும்பினேன்.

பின்னால் பொத்தென்று ஏதோ விழுந்தது. ஒரு சட்டை. இவர் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மட்டும் பைக்குள் போயிற்று. இன்னொரு சட்டையை இழுத்துக் கட்டிலுக்கு வெளியே போட்டது. அப்புறம் ஒரு வேட்டி. அது நடுவில் சிக்கிக்கொண்டது. நான் உதவி செய்யவில்லை. பொறுமையாக உருவிப் போட்டார். டிரைவரோடு வந்த அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பனியன், துண்டு, இன்னொரு வேட்டி. பை காலியாகும் வரை யாரும் பேசவில்லை. நான்கூட.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிளம்பும்போது என்னிடம், வேலூரிலிருந்து ஓர் ஆளை இங்கே அனுப்பி வைக்கிறேன், ராத்திரியில் அவன் பார்த்துக்கொள்வான் என்றார். சரி மாமா என்றேன்.

உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமும்தான். இன்று மத்தியானம் முழுக்கத் தூங்கப் போகிறேன் என்று எண்ணியிருந்தேன்.

எல்லாம் தரையில் கிடக்கிறது. ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து மடிக்க வேண்டும். பொன்னியம்மாள் இன்று லீவு.